பச்சோலைக் கூரை

நேரம் வெளுக்கும் முன்பே பொன்னுலிங்கம் பாதி மரம் ஏறியிருந்தான். பனியில் ஊறிய பட்டை வழுக்கியது. கால்களைப் பிணைத்த தளைநார் ஒவ்வொரு உந்தலுக்கும் மரத்தைக் கவ்வி நின்றது. இரண்டு கைகளும் மரத்தைக் கட்டிப் பிடித்திருக்க, மார்பு உரசி உரசி மேலே போயிற்று. மீசை முளைக்கும் முன்பே மரம் ஏறத் தொடங்கிய உடம்பு அது. மார்பிலும் முழங்கையிலும் தோல் ஆமை ஓடு போலக் காய்த்திருந்தது. மற்ற நாட்களில் ஏறுகிற வலியே தெரியாது. அன்றைக்கு ஒவ்வொரு உந்தலும் தெரிந்தது.

உச்சியில் மட்டைகளின் இடுக்கில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். மண்டைக்காட்டுக் கடல் இருட்டுக்குள் இரைந்துகொண்டிருந்தது. கதம்பை அழுகும் குழிகளின் நாற்றம் காற்றோடு மேலே வந்தது. அந்தத் தோப்பில் குடியிருப்பவர்களுக்கு அது நாற்றம் அல்ல, சோற்றின் வாசனை. தேங்காய் உரித்த கதம்பையை மாதக்கணக்கில் குழிநீரில் ஊறப்போட்டு, எடுத்து, கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் அடித்து நைத்து, நாரைப் பிரித்துக் கயிறாக முறுக்குவதுதான் அங்குள்ள பெண்களின் பிழைப்பு. அந்த நேரத்துக்கே குழிக்கரையில் கொட்டாப்புளிகள் விழத் தொடங்கியிருந்தன. தொப், தொப், தொப். அந்தச் சத்தங்களில் ஒன்று செல்லத்தாயுடையது என்று அவனுக்குத் தெரியும். அவளுடைய குடிசை அவனுக்கு நேர் கீழே இருந்தது.

மேலேயிருந்து பார்த்தால் கூரைகளின் வயது தெரிந்துவிடும். போன மாதம் வேய்ந்தவை வெளுத்துக் கிடந்தன. செல்லத்தாயின் கூரையோ அடுப்புக் கரி பிடித்த சட்டி போலக் கறுத்து, நடுவில் குழிந்து, ஓரத்தில் வெறும் ஈர்க்குகளாக நின்றது. வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

அந்தத் தோப்பில் ஒரு வழக்கம் உண்டு. எந்தத் தென்னையின் நிழல் ஒரு குடிசைமேல் விழுகிறதோ, அந்தத் தென்னையின் ஓலை அந்தக் குடிசைக்கு. தேங்காய் முதலாளிக்கு, ஓலை குடியிருப்பவர்களுக்கு. அதற்குப் பதிலாக மரத்தின் மூட்டுக்குச் சாம்பலும் உப்பும் இடுவதும், கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றுவதும் அவர்கள் பாடு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தாய் யாரிடம் சீட்டு எழுதி வாங்குகிறாள்? அப்படித்தான் அதுவும் நடந்து வந்தது.

பொன்னுலிங்கம் கத்தியை எடுத்து, உணங்கிய மட்டை ஒன்றை வெட்டினான். அது சுழன்று இறங்கி, செல்லத்தாயின் முற்றத்தில் சரசரவென்று விழுந்தது. அடுத்ததை வெட்டினான். பிறகு அடுத்த மரம். அவ்வளவு ஓலையையும் தக்கலைக்கு ஏற்றிப்போக ஏசுஅடிமையின் மாட்டுவண்டி தோப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

முந்தின நாள் முத்துநாயகம் முதலாளி இந்த வேலையைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. அவர் எதற்கும் குரலை உயர்த்துகிறவர் அல்ல. கயிறு நிறுக்கும் கொட்டகையில், மேல்துண்டால் விசிறிக்கொண்டு, பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"பொன்னு, உனக்கத் தரைப்பாட்டப் பாக்கி எம்புட்டு நிக்குதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நாம ரெண்டுவேரும் மறந்திரலாம்."

"மொதலாளி…"

"செல்லத்தாய்க்கக் கூரைக்கு மேல நிக்க மரத்து ஓலை பூராவும் இந்தத் தடவை வண்டிக்குப் போவட்டும்."

"அது அவளுக்க ஓலைதானே மொதலாளி? மழை வேற வருது."

"நான் அவளைப் போன்னு சொன்னனா? சொல்லமாட்டேன். பொம்பளையும் பிள்ளையளும் இருக்க வீட்டுல ஆளை விட்டுச் சட்டியையும் பானையையும் வெளிய எறியது பாவம். கோர்ட்டுக்குப் போனா, சர்க்காரு இப்பம் குடியிருக்கவன் பக்கமாட்டுப் பேசுதுன்னு வக்கீலு சொல்லுதாரு. எனக்கு அந்தப் பாவமும் வேண்டாம், வழக்கும் வேண்டாம். ஓலை மட்டும் குடுக்கமாட்டேன். மழை பெய்தா அவளாவே போவா. சிதறால் ஊருல அவளுக்க அண்ணன் இருக்காம்லா?"

"அவன் இவளை ஏறிட்டும் பாக்கமாட்டான் மொதலாளி."

"அது அண்ணனும் தங்கச்சியும் பேசித் தீக்க வேண்டிய காரியம்."

செல்லத்தாயின் புருஷன் பீருமேட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன். முதலில் பணம் வந்தது, பிறகு செய்தி மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோயிற்று. கயிற்றுக்கு விலை சரிந்து கூலியும் குறைந்தபோது எல்லாருக்கும்போல அவளுக்கும் தரைவாடகையான பாட்டம் பாக்கி விழுந்தது. ஆனால் அவளுடைய குடிசைதான் புதிதாகப் போட்ட ரோட்டை ஒட்டி இருந்தது. அந்த இடத்தில் கயிறு வைக்க ஒரு பண்டகசாலை கட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை.

பொன்னுலிங்கம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். கோபத்தோடு செய்கிற அநியாயத்துக்கு எதிராக மனிதனுக்கு ஒரு சொல்லாவது வரும். நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு, புன்னகையோடு, பாவ புண்ணியம் பேசிச் செய்கிற அநியாயத்தின் முன்னால் அவனுக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டில் மனைவி பகவதியம்மாளையும் பிள்ளைகளையும் நினைத்துக்கொண்டான். நான் வெட்டாவிட்டால் வேறு ஊரிலிருந்து ஒருவன் வந்து வெட்டுவான் என்று நினைத்துக்கொண்டான். நான் வெட்டினால் ஒரு கட்டாவது ஒளித்து அவளுக்கு ஒதுக்கலாம் என்றும் நினைத்துக்கொண்டான். தப்புக்குப் போகிறவனுக்கு வழியில் இப்படி நிழல்மரங்கள் நிறைய உண்டு.

வெட்டி முடித்து இறங்கி வந்து ஓலைகளை அவசர அவசரமாகக் கட்டினான். குழிக்கரையில் செல்லத்தாய் முதுகைக் காட்டி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு ஓலை விழுந்தும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நல்லகாலம் என்று எண்ணினான். ஒரு கட்டை மட்டும் தோளில் தூக்கிப்போய், வேலியோரத் தாழைப்புதருக்குள் தள்ளினான். அதைக் கல்லின்மேல் தூக்கி வைத்திருக்க வேண்டும். மணல் தரையில் ஓலையைப் போட்டால் கறையான் விடாது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனால் தூக்கி வைத்தால் ரோட்டிலிருந்து பார்வைக்குத் தெரியும். தரையிலேயே விட்டுவிட்டு வந்தான்.

அன்று முற்பகல் முதலாளி குடையை விரித்துக்கொண்டு குழிக்கரைக்கு வந்தார். பெண்கள் கறுத்த தண்ணீரில் இடுப்பளவு நின்று கதம்பையை வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீர் கைத்தோலைத் தின்றுவிடும். விரல் இடுக்குகள் எப்போதும் வெளுத்து வெடித்திருக்கும். கறிக்கு உப்பு அள்ளினால் எரிச்சல் கண்ணைப் பிடுங்கும். கரையில் மற்றவர்கள் மரக்கட்டைமேல் கதம்பையை வைத்து அடித்தார்கள். பொன்னுலிங்கம் ஒரு மூலையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான்.

"நாளை முதல் அடிகூலியில கொஞ்சம் குறையும். கயித்துக்கு வெளியில விலையில்லை பிள்ளையளே. நானும் என்ன செய்ய?" என்றார் முதலாளி.

கொட்டாப்புளிகள் நின்றன. ஜெபமணிதான் வாயைத் திறந்தாள். கோயிலில் பாடுகிற நல்ல குரல் அவளுக்கு. குழிக்கரையில் அந்தக் குரல் வேறு வேலை செய்யும்.

"விலை ஏறின காலத்துல அது எங்களைத் தொடாம ஏறிச்சு மொதலாளி. எறங்கும்போது மட்டும் எங்க தலையைச் சவுட்டிக்கிட்டு எறங்குதே?"

பெண்கள் சிரிப்பை முந்தானைக்குள் அடக்கினார்கள்.

"ஏட்டி ஜெபமணி, உனக்க நாக்கை ஞாயித்துக்கிழமை பாட்டுப் படிக்க வச்சுக்கோ."

"பாட்டுப் படிக்கவும் வயித்துக்குள்ள என்னமாவது கெடக்கண்டாமா?"

அவர் அதற்கும் கோபப்படவில்லை. திரும்பப் போகையில் செல்லத்தாய் எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "மொதலாளி, இந்த வருசத்து ஓலை…" என்று இழுத்தாள்.

"பாட்டம் குடுக்கவளுக்கு ஓலை. குடுக்காதவளை நான் போன்னு சொன்னனா? இரி. நல்லாட்டு இரி."

"ஓலையில்லாம எப்படி இருக்க மொதலாளி? பிள்ளைய நனையுமே."

"அதை நீதானே யோசிக்கணும்?"

அவர் போய்விட்டார். ஜெபமணிகூடப் பேசவில்லை. எல்லாரும் குனிந்து, முன்னைவிட வேகமாக அடித்தார்கள். எல்லாருக்கும் பாக்கி இருந்தது. எல்லாருடைய கூரைமேலும் முதலாளியின் தென்னை நின்றது. கஷ்டம் செல்லத்தாயின் நடையிலேயே நின்றுபோகட்டும், நம் நடைக்கு வராமல் இருக்கட்டும் என்று ஒவ்வொரு மனதும் தனியாகக் கும்பிட்டுக்கொண்டது. இப்படிப்பட்ட கும்பிடு சத்தமில்லாதது. கடவுளுக்குப் பிடிக்காத கும்பிடும் அதுதான்.

பொன்னுலிங்கம் உரித்த தேங்காயையே மறுபடியும் உரிகம்பியில் குத்தினான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அய்யாவைக் கும்பிடும் நிழல்தாங்கலுக்குப் போனான். அய்யாவின் முன்னால் எல்லாரும் தலைப்பாகை கட்டித்தான் நிற்க வேண்டும். முதலாளிக்குப் பட்டுக்கரைத் துண்டு, பொன்னுலிங்கத்துக்குக் கிழிந்த தோர்த்து. ஆனால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். உள்ளே சிலை கிடையாது. விளக்குகளுக்கு நடுவே ஒரு கண்ணாடி. கும்பிடுகிறவனுக்குத் தன் முகம்தான் தெரியும். உனக்குள் இருப்பவரைப் பார் என்பதற்காக வைத்தது. முதலாளி கண்ணாடியை நேராகப் பார்த்துக் கும்பிட்டார். பொன்னுலிங்கத்தால் முடியவில்லை. தாங்கலின் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஈரத் தரையில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று தன்னைவிடப் பெரிய பருக்கையை இழுத்தது, இன்னொன்று வந்து கை கொடுத்தது. அதையும் அவனால் பார்க்க முடியவில்லை.

பூசை முடிந்து உண்பான் சோறு கொடுத்தார்கள். செல்லத்தாய் தன் இலையிலிருந்து பாதியை எடுத்துப் பகவதியம்மாளின் இலையில் வைத்தாள்.

"மைனி, இதை அண்ணனுக்குக் குடுங்க. வெயில்ல மரமேறி நெஞ்சு உணங்கிக் கெடக்கும்."

"உனக்க பிள்ளையளுக்கு வையி பிள்ளே."

"அதுக வயிறு நெறையத் தின்னாச்சு."

பொன்னுலிங்கம் அந்தச் சோற்றை வாயில் வைத்தான். ஒரு வாயோடு இலையைத் தள்ளிவைத்தான். ஒளித்த கட்டை இன்றைக்கே கொடுத்துவிட வேண்டும், என்ன ஆனாலும் சரி என்று எழுந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வேலியோரம் போனான். தாழைமுள் கையைக் கீறியது. உள்ளே கையை விட்டுக் கட்டைப் பிடித்துத் தூக்கினான். கட்டுக்கயிறு மட்டும் கையோடு வந்தது. ஓலை மண்ணாக உதிர்ந்தது. கறையான்கள் வெளிச்சம் கண்டு பதறி ஓடின.

அவன் அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். ஒளித்துச் செய்கிற தருமத்தைக்கூட நாள் பார்த்துச் செய்தால் அது தருமமாக மிஞ்சுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு கட்டு ஓலையைப் பகலில் கொடுக்கப் பயந்தவன், அதைக் கறையானுக்குக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் கடலுக்கு மேலே வானம் கறுத்தது. காற்று முதலில் வந்து தோப்பைப் பிடித்து உலுக்கியது. பிறகு மழை. இடவப்பாதி அந்த வருஷம் முந்திக்கொண்டது. குழிக்கரையிலிருந்து பெண்கள் ஓடினார்கள். பொன்னுலிங்கம் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்தான். செல்லத்தாயின் கூரையில் மழை பெய்வதாகத் தெரியவில்லை. கூரைக்குள்தான் பெய்தது. மண்சுவரின் தலைப்பு கரைந்து செந்தண்ணீர் வாசல் வழியாக ஓடிவந்தது.

"என்னங்க, அந்தச் சுவரு…" என்று பகவதியம்மாள் சொல்லி முடிக்கவில்லை. சுவர் உட்காருவதுபோலத் தணிந்து உள்பக்கமாக விழுந்தது.

இருவரும் ஓடினார்கள். செல்லத்தாய் பெரியவளை வெளியே தள்ளிவிட்டு, சின்னவளை மார்பின் கீழே மூடிக்கொண்டு கிடந்தாள். குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. தாயின் வலது தோள் சுவருக்கு அடியில் இருந்தது. மண்ணைக் கையால் தோண்டி எடுத்தார்கள். பொன்னுலிங்கம் அவளைத் தூக்கியபோது அந்தக் கை அவளுடையது அல்லாததுபோலத் தொங்கியது. கொட்டாப்புளி பிடிக்கிற கை.

ஊர் ஆசான் நனைந்துகொண்டு வந்தார். எலும்பைக் கூட்டிச் சேர்த்து, எண்ணெய் வார்த்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "கூடும். ஆனா இனி இந்தக் கை பழையமாதிரி ஓங்குமாங்கது அய்யாவுக்குத்தான் வெளிச்சம்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த பணத்தைத் திண்ணமாக மறுத்துவிட்டுப் போனார்.

பொன்னுலிங்கத்தின் வீட்டில் செல்லத்தாயைப் படுக்க வைத்தார்கள். அங்கே ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. மழைச் சத்தம் கேட்டது, மழை தெரியவில்லை. பிள்ளைகள் இரண்டும் கஞ்சி குடித்துவிட்டு அவன் பிள்ளைகளோடு பாயில் ஒண்டிக்கொண்டன. அவன் சுவரோரமாக உட்கார்ந்து, தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"செல்லத்தாயி. உனக்க ஓலையை வெட்டி வண்டியில ஏத்தினது நான்தான்."

பகவதியம்மாள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

செல்லத்தாய் கண்ணைத் திறக்காமல், "தெரியும் அண்ணே" என்றாள்.

"தெரியுமா?"

"உங்க தளைநாரு மரத்துல ஏறுத சத்தம் எனக்குத் தெரியாதா? ஓலை விழும்போதெல்லாம் திரும்பிப் பாக்கணும்னு வந்துது. திரும்புனா நீங்க உங்க முகத்தை எங்க கொண்டு வைப்பீங்க? அதுனாலதான் குழியைப் பாத்தே இருந்துட்டேன்."

"எனக்க முகத்துல காறித் துப்பியிருக்கலாமே பிள்ளே. நாலு பேரைக் கூட்டி ஏசியிருக்கலாமே."

"ஏசுனா பொறவு நீங்க எனக்க பிள்ளையளுக்கக் கண்ணுல முழிக்கமாட்டீங்க. ஓலையும் போயி, அண்ணனும் போவணுமா?"

பொன்னுலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பகவதியம்மாள் அவனைத் தேற்றவில்லை. அவள் செல்லத்தாயின் தலைமாட்டில் போய் உட்கார்ந்து, அவளுடைய ஈரத்தலையைத் துவட்டினாள். பிறகு அவனைப் பார்க்காமலே சொன்னாள்: "என்கிட்ட அழுது என்னத்துக்கு? விடிஞ்சதும் குழிக்கரையில போய்ச் சொல்லணும். அங்கதான் சொல்லணும்."

விடியற்காலையில் மழை வெறித்திருந்தது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. குழிக்கரையில் பெண்கள் கொட்டாப்புளியை எடுக்காமல் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பகவதியம்மாள் பின்னால் வர, பொன்னுலிங்கம் நடுவில் போய் நின்றான். கையில் கத்தியும் தளைநாரும் இருந்தன. சொன்னான். பாட்டம் பாக்கியை மறக்கிறேன் என்று முதலாளி சொன்னதையும், தான் தலையசைத்ததையும், தாழைப்புதரையும் கறையானையும்கூட விடாமல் சொன்னான்.

ஜெபமணி பாய்ந்து வந்தாள்.

"நீரெல்லாம் ஆம்பளையாவே? ஒரே குடியில தண்ணி கோரிக் குடிச்சவனா நீரு? அந்தப் பிள்ளைக்கக் கையை ஒடிச்சுப் போட்டுட்டு, இங்க வந்து கதையா சொல்லுதீரு?"

"ஆமா. நான்தான் ஒடிச்சேன்" என்றான் பொன்னுலிங்கம்.

அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. முகம் கோணியது.

"அண்ணைக்கு அவ ஓலை கேட்டப்பம் நானும்தானே குனிஞ்சேன்" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "என் வாயி எதுக்கெல்லாமோ திறக்கும். அண்ணைக்குத் திறக்கலியே. ஆண்டவரே, அவளோட போவட்டும்னுதானே நானும் நெனச்சேன்."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். இன்னொருத்தி, "அதுவும் மொதலாளிக்குத் தெரியும் மக்கா. நாம குனிவோம்ங்கது" என்றாள் மெதுவாக.

பொன்னுலிங்கம் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டான். "அவளுக்க மரத்துல உணங்கின ஓலை ஒண்ணும் மிச்சமில்லை. பச்சையை வெட்டுனா மரம் வாடும். இருக்கதுல அடிமட்டை ஒண்ணு ரெண்டு வெட்டலாம். கூரைக்குக் காணாது. இருந்தாலும் ஏறுதேன்."

ஜெபமணி கண்ணைத் துடைத்தாள். அவனிடம் பேச அவளுக்கு மனமில்லை. பகவதியம்மாளைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கக் கூரை மரத்துலயும் அடிமட்டை ஒண்ணு வெட்டச் சொல்லு. எனக்க பங்குதானே அது. நான் குடுக்கேன்."

"எனக்க மரத்துலயும்."

"எங்க வீட்டு மேல ரெண்டு மூடு தென்னை நிக்கு. ரெண்டுலயும் வெட்டட்டும்."

அப்படித்தான் அது தொடங்கியது. பெரிய யோசனை ஒன்றும் யாரும் செய்யவில்லை. ஒரு மரத்துக்கு ஒரு மட்டை. மரமும் வாடாது, தோப்பு முழுவதும் சேர்ந்தால் ஒரு கூரை ஆகும். பொன்னுலிங்கம் பட்டப்பகலில், ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, மரத்துக்கு மரம் ஏறினான். ஈரமரம் இரண்டு தடவை வழுக்கி மார்பைச் சீவியது. கீழே பெண்கள் மட்டையைப் பிளந்து, வரிசையாகக் குந்தியிருந்து முடைந்தார்கள். கூலிக்கு அடிக்கும்போது வராத பேச்சும் சிரிப்பும் எங்கிருந்தோ வந்தன. அன்றைக்கு வேறு ஓலை ஏற்ற வந்த ஏசுஅடிமை வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு மாட்டைத் திருப்பி, குளத்தங்கரைக்குப் போய் ஒரு வண்டி செம்மண் கொண்டுவந்து விழுந்த சுவரடியில் தட்டினான். "இதுக்கு யாரு கூலி தருவா?" என்று ஒருத்தி கேலி செய்தாள். "அண்ணைக்கு ஓலை கொண்டு போனதுக்கு வாங்கின கூலி இன்னும் மடியிலயே கெடக்கு. அது சுடுது" என்றான் அவன்.

முதலாளி வந்தபோது குடை விரித்திருந்தது. மழை இல்லை. அவர் முடைந்த ஓலைகளைப் பார்த்தார், அடிபடாத கதம்பைக் குவியலைப் பார்த்தார், பிறகு மேலே பார்த்தார்.

"ஏலே பொன்னு! என்னலே இது? பச்சோலையா வெட்டுதே?"

"மரத்துக்கு ஒண்ணுதான் மொதலாளி. மரம் அறியாது."

"மரம் அறியாது. மரத்துக்கு உடமைக்காரன் அறிவான். இது களவு. தக்கலையில போய் ஒரு பிராது குடுத்தா போலீசு வரும்."

"வரட்டும்" என்றாள் ஜெபமணி, முடைவதை நிறுத்தாமல். "வந்து யாரு வெட்டினான்னு கேப்பாவ. எல்லாருந்தான்னு சொல்லுவோம். இவ்வளவு பேரையும் ஏத்த அவங்களுக்கு ஏசுஅடிமைக்க வண்டிதான் வேணும்."

"குழியில ஊறிக் கெடக்க கதம்பை? எடுக்காம விட்டா நாரு அழுவிப்போவுமே, அது தெரியுமா?"

"குறைச்ச கூலியைப் பழையபடி வைங்க. ஓலை வழக்கத்தைப் பழையபடி வைங்க. அந்த நிமிசம் குழியில இறங்குதோம்."

அவர் குரல் முதன்முதலாக உயர்ந்தது. "உங்க ஒவ்வொருத்திக்கும் பாட்டம் பாக்கி நிக்குது. நாளைக்கே கேப்பேன், பாத்துக்கிடுங்க!"

"கேளுங்க மொதலாளி" என்று பொன்னுலிங்கம் மேலேயிருந்து சொன்னான். அவனுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "எல்லாருகிட்டயும் ஒண்ணாட்டுக் கேளுங்க. தனித்தனியாக் கூப்பிட்டுக் கேட்டுத்தான் இம்புட்டும் ஆச்சு. என்கிட்ட மறந்த பாக்கியையும் இப்பம் ஞாபகப்படுத்தி எழுதிக்கிடுங்க. எனக்கு அது வேண்டாம்."

முதலாளி அண்ணாந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது செல்லத்தாய் பொன்னுலிங்கத்தின் வீட்டிலிருந்து மெல்ல நடந்து வந்துகொண்டிருந்தாள். வலது கை மார்போடு கட்டியிருந்தது. அவள் மரத்தை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள்.

"மொதலாளி, கொஞ்சம் மாறி நில்லுங்க. பச்சோலை கனம். குடையோட தலையில விழுந்திரும்."

அதில் குத்தல் இல்லை, நடிப்பும் இல்லை. கீழே ஒருவர் நின்றால் யாராக இருந்தாலும் மரக்காரர்கள் சொல்கிற சொல்தான் அது. முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் நகர்ந்தார். இன்னொரு அடி. அவர் நின்ற இடத்தில் ஓலை வந்து விழுந்தது. அவர் குடையை மடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தார். தக்கலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினாரா, வீட்டுக்குத்தான் போனாரா, யாருக்கும் தெரியவில்லை.

"போலீசோட வருவாரோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வந்தா அவங்களுக்கும் ஒரு மட்டை குடு, முடையட்டும்" என்றாள் ஜெபமணி. சிரித்தார்கள். சிரிப்புக்குள் பயம் இருந்தது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை.

சாயங்காலத்துக்குள் சுவரை இடுப்பளவு எழுப்பி, நான்கு மூலையிலும் கால் நட்டு, குறுக்கே வரிச்சல் கம்புகளைக் கட்டிவிட்டார்கள். பச்சோலைக் கூரை அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஊறப்போட்டு உணக்காத ஓலை சுருங்கும், இடைவெளி விடும். ஒரு மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்கு நிச்சயமில்லை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மேற்கே மறுபடியும் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

பொன்னுலிங்கம் கூரை முகட்டில் குந்தியிருந்து கட்டிக்கொண்டு வந்தான். கயிறு தீர்ந்துபோயிற்று. கீழே கையை நீட்டினான். அங்கே நின்றவள் ஜெபமணி. காலையிலிருந்து அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கொஞ்சநேரம் அந்த நீட்டிய கையையே பார்த்தாள். பிறகு, தன் கையால் முறுக்கி விலைக்கென்று வைத்திருந்த கயிற்றுச் சுருளை மடியிலிருந்து எடுத்து மேலே எறிந்தாள்.

"இறுக்கிக் கெட்டும்வே. பச்சோலை உணங்கினா கெட்டு தளந்து அயரும்."

"அயந்தா?"

"நாளைக்கும் ஏறும்வே. நான் கயிறு கொண்டாறேன்."

முதல் துளி அவன் முதுகில் விழுந்தது. அவன் குனிந்து, பல்லால் கயிற்றைப் பிடித்து, அடுத்த முடிச்சை இறுக்கினான்.